மினாக்சிடில் போட்டால் உச்சி எரிகிறது, வெள்ளையாக உதிர்கிறது: நிறுத்துவதா, மாற்றுவதா?

முன்நெற்றி:
எல்லோருக்கும் வணக்கம். முன்பக்கம் முடி முளைக்க, தலையில் தடவும் மருந்தான 5 சதவீத மினாக்சிடில் திரவத்தைக் காலையும் இரவும் போட்டு வருகிறேன். முதலில் ஒரு தொந்தரவும் இல்லை. இப்போது கொஞ்ச நாளாக, சொட்டு விட்ட சில நிமிடங்களில் உச்சந்தலையில் சுருக்கென்று எரிச்சல். அது அடங்கியதும் அரிப்பு. சாயங்காலம் தலையைக் கோதினால் தோளில் வெள்ளைத் துகள் கொட்டுகிறது. எனக்குப் பொடுகு இருந்ததே இல்லை.

முன்பக்கம் கொஞ்சம் பூனைமுடி மாதிரி முளைக்கத் தொடங்கியிருக்கிறது. அதனால் நிறுத்த மனம் வரவில்லை. இது எல்லோருக்கும் வருவதுதானா, இல்லை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

அரைமொட்டை:
வரும் நண்பரே, எல்லோருக்கும் வரும். எரிந்தால் மருந்து உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். பல்லைக் கடித்துக்கொண்டு போடுங்கள். பாதியில் விட்டால் முளைத்ததும் போய்விடும்.

மருந்தாளுநர்:
அரைமொட்டை, இரண்டாவது பாதி சரி, முதல் பாதியை ஏற்க முடியாது. எரிச்சலுக்கும் முடி முளைப்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மினாக்சிடில் அப்படியே வேலை செய்வதில்லை. மயிர்க்கால்களில் இருக்கும் ஒரு நொதி அதை மினாக்சிடில் சல்ஃபேட்டாக மாற்றுகிறது. அந்த வடிவம்தான் வேலை செய்வது. யாருக்கு அந்த நொதி அதிகமோ அவர்களுக்குப் பலன் அதிகம். தோல் எரிவது வேறு கதை, அதற்குப் பெரும்பாலும் காரணம் மருந்தே கிடையாது. மருந்தைக் கரைத்து வைத்திருக்கும் திரவம்தான்.

மினாக்சிடில் தண்ணீரில் லேசில் கரையாது. அதனால் ஆல்கஹால், புரோப்பிலீன் கிளைக்கால், தண்ணீர் மூன்றையும் கலந்து கரைக்கிறார்கள். வழக்கமான 5 சதவீதத் திரவத்தில் ஏறக்குறைய பாதி புரோப்பிலீன் கிளைக்கால்தான். 2 சதவீதத் திரவத்தில் அது இதைவிட நன்றாகக் குறைவு. 5-க்கு மாறியதும் அரிப்பு வந்தது என்று பலர் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

முன்நெற்றி, மூன்று கேள்வி. எரிச்சல் மருந்து படும் இடத்தில் மட்டும்தானா? நெற்றி, காதோரம், கண் இமை பக்கம் சிவப்போ வீக்கமோ உண்டா? புதிதாக ஷாம்பு, வேறு மருந்து ஏதாவது ஆரம்பித்தீர்களா?

வகிடு:
கண் இமை என்றதும் எழுதத் தோன்றியது. எனக்கு நடந்தது அதுதான். வகிடு அகன்றுகொண்டே போனதால் ஆரம்பித்தேன். சில மாதம் சுகமாகத்தான் போனது. அப்புறம் வகிட்டோரம் தாங்க முடியாத அரிப்பு. அப்படியும் விடாமல் போட்டேன். ஒரு நாள் காலையில் எழுந்தால் இரண்டு இமையும் உப்பி, காதுக்குப் பின்னால் நீர்க்கசிவு. நிறுத்தினேன், ஆறியது. ஆறிவிட்டதே என்று திரும்பப் போட்டேன். இந்த முறை மறுநாளே வந்துவிட்டது.

தோல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, “திரும்பப் போட்டபோது முன்னைவிடச் சீக்கிரம் வந்ததா?” என்பதுதான். அதைக் கேட்டபிறகே பேட்ச் டெஸ்ட் எழுதினார். முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன வட்டங்களில் ஒவ்வொரு பொருளாக வைத்து ஒட்டுகிறார்கள். நனைக்கக் கூடாது, வியர்க்கக் கூடாது. இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்ப்பார்கள், அதற்கு ஓரிரு நாள் கழித்து இன்னொரு முறை பார்ப்பார்கள். இரண்டாவது பார்வைதான் முக்கியம் என்றார், ஒவ்வாமை மெதுவாகத்தான் தலை காட்டுமாம். எனக்கு மினாக்சிடில் வட்டம் வெறுமையாக இருந்தது. புரோப்பிலீன் கிளைக்கால் வட்டம் சிவந்து தடித்திருந்தது.

இப்போது நுரை வடிவத்தில் போடுகிறேன். தொந்தரவில்லை.

முன்நெற்றி:
மருந்தாளுநருக்குப் பதில்: மருந்து படும் இடத்தில் மட்டும்தான். இமை, காது எல்லாம் சுத்தமாக இருக்கிறது. ஷாம்பு மாற்றவில்லை, ஆனால் பொடுகு என்று நினைத்துக் கீட்டோகோனசோல் ஷாம்பு தினமும் போடத் தொடங்கியிருக்கிறேன். துகள் குறையவில்லை, தலை இன்னும் இழுத்துப் பிடிக்கிறது.

தோல்விஷயம்:
கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தலைப்பில் ஆட்கள் மூன்று நான்கு வேறு வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

முதலில் அந்த வெள்ளைத் துகள். ஆல்கஹால் ஆவியானதும் கரைந்திருந்த மினாக்சிடில் படிகமாகத் தலையில் தங்கிவிடும். காய்ந்த உப்பு போலிருக்கும். விரலால் தேய்த்தால் பொடியாக வரும், அடியில் தோல் சிவந்திருக்காது, ஒரு முறை தலைக்குக் குளித்தால் போய்விடும். மருந்து போட்ட நாளில்தான் வரும். இது பொடுகே அல்ல, பொடுகு ஷாம்பு இதற்குப் பயன்படாது. ஒரு வேளைக்கு 1 மில்லி போதும் என்று உறையிலேயே போட்டிருக்கிறது. சொட்டை பெரிது என்று நிறைய ஊற்றுகிறவர்கள் தலையில்தான் இது அதிகம் தெரியும்.

நிஜப் பொடுகு கொஞ்சம் மஞ்சள் கலந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டியிருக்கும். புருவத்திலும் மூக்கின் இரண்டு பக்க மடிப்பிலும் கூடப் பார்க்கலாம். தலைமுடி எல்லை தாண்டி நெற்றியில் தடித்த வெள்ளித் தகடாக வந்தால் சோரியாசிஸ் இருக்கக்கூடும், அது மருத்துவர் பார்க்க வேண்டியது.

அடுத்தது எரிச்சல். தோல் வறண்டு, மேல் அடுக்கு கெட்டுப்போய், அதில் ஆல்கஹால் படுவதால் வருவது. போட்ட இடத்தில் மட்டும், போட்ட உடனே. குறைத்தால் குறையும், நிறுத்தினால் சில நாளில் போய்விடும். யாருக்கும் வரலாம். முன்நெற்றி சொல்வது இதைப்போலத்தான் இருக்கிறது. அதன்மேல் தினமும் கீட்டோகோனசோல் ஷாம்பு என்றால் வறட்சி கூடத்தான் செய்யும். வாரத்துக்கு இரண்டு முறை போடுகிற சமாச்சாரம் அது.

கடைசியாக ஒவ்வாமை. வகிடு சொன்னது அச்சு அசலாக இதுதான். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஒன்றும் இல்லாமல் இருந்துவிட்டுத் திடீரென்று வரும். அரிப்புதான் முதன்மை. மருந்து வழிந்த இடமெல்லாம் பரவும். இமைத் தோல் மெல்லியது என்பதால் கைபட்டாலே வீங்கிவிடும். அளவைக் குறைப்பதால் இது போகாது, ஒரு துளி போதும். இங்கேதான் “பல்லைக் கடித்துப் போடுங்கள்” என்ற அறிவுரை ஆளைக் கவிழ்க்கிறது.

புரோப்பிலீன் கிளைக்கால் ஒவ்வாமை ஒன்றும் அபூர்வமானதல்ல. அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2018-ல் ‘அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று இதைத்தான் தேர்ந்தெடுத்தது. ஷாம்பு, டியோடரண்ட், மாய்ஸ்சரைசர் என்று எங்கும் இருக்கும். ஒரு சிக்கல், இது அடர்த்தியாக இருந்தால் ஒவ்வாமை இல்லாதவர் தோலையும் லேசாகச் சிவக்க வைக்கும். அதனால் பேட்ச் டெஸ்டில் சிவப்பைப் பார்த்ததும் முடிவுகட்ட முடியாது, பார்த்துப் பழகிய கண் வேண்டும்.

மினாக்சிடிலுக்கே ஒவ்வாமை உள்ளவர்களும் இருக்கிறார்கள், குறைவு. அவர்கள் நுரைக்கு மாறினாலும் பயனில்லை. பேட்ச் டெஸ்ட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அரைமொட்டை:
சரி சரி, ஒவ்வாமை விஷயத்தில் நான் வாய் திறக்கவில்லை. ஆனால் லேசான அரிப்புக்கெல்லாம் பயந்து ஓடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்காகச் சொன்னது. முதல் மாதம் முடி கொத்தாகக் கொட்டும், உடனே “பக்க விளைவு” என்று விட்டுவிடுவார்கள். அது பக்க விளைவா?

தோல்விஷயம்:
அது இல்லை, அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஓய்வில் இருந்த முடிகளைப் புதிய முடி தள்ளிக்கொண்டு வருவதால் ஆரம்ப வாரங்களில் உதிர்வு கூடும், அப்புறம் தானாக அடங்கும். ஆனால் தலை சிவந்து, அரித்து, அதோடு சேர்ந்து கொட்டினால் அதை இந்தக் கணக்கில் எழுதக் கூடாது. தோல் அழற்சியே முடியை உதிர்க்கும்.

சீப்புக்கு_வேலையில்லை:
நுரையைப் பற்றி யாராவது விவரமாகச் சொல்லுங்கள். ஆல்கஹால் இல்லாதது என்று எங்கேயோ படித்தேன். உண்மையா?

மருந்தாளுநர்:
இல்லை. நுரையிலும் ஆல்கஹால் உண்டு, இல்லாதது புரோப்பிலீன் கிளைக்கால்தான். அதற்குப் பதில் கிளிசரின், சீட்டைல் ஆல்கஹால், ஸ்டியரைல் ஆல்கஹால் எல்லாம் சேர்த்திருப்பார்கள். பின்னவை இரண்டும் பெயரில்தான் ஆல்கஹால், மெழுகு மாதிரியான பொருள்கள், எரிக்காது. ஆனால் வெடித்துக் கீறிய தலையில் போட்டால் நுரையும் சுரீர் என்றுதான் இருக்கும். முதலில் புண் ஆற வேண்டும்.

இன்னொன்று, டப்பாவில் அழுத்தி அடைத்த எரிவாயு இருக்கிறது. தீப்பற்றும். போட்ட கையோடு சிகரெட் பற்றவைக்காதீர்கள்.

வகிடு:
போடுகிற விதம் நான் சொல்கிறேன், முதலில் ரொம்பத் திண்டாடினேன். நுரை உடல் சூட்டிலேயே உருகிவிடும். விரலில் எடுத்து, கண்ணாடி பார்த்து, வகிடு பிரிப்பதற்குள் தண்ணீராகி மணிக்கட்டு வரை வழிந்துவிடும். அதனால் கையைக் குளிர்ந்த நீரில் நனைத்து நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். முதலில் வகிடு பிரித்து கிளிப் போட்டு வைத்துவிடுங்கள். அப்புறம் நுரையை நேரே விரலில் எடுக்காமல் மூடியிலோ ஒரு சின்னத் தட்டிலோ அழுத்தி, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் தோலில் தொட்டு வையுங்கள். முடியில் தடவினால் முடிக்குத்தான் போகும், தோலுக்குப் போகாது. தடவியபின் கசக்கித் தேய்க்காதீர்கள்.

படுப்பதற்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம் முன்னால் போட்டுவிட வேண்டும். ஈரத்தோடு படுத்தால் தலையணையில் ஒட்டி, அங்கிருந்து கன்னத்துக்கு வரும். எனக்குத் தெரிந்த ஒருவருக்குக் கன்னத்தோரம் பூனைமுடி வந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கையைச் சோப்பு போட்டுக் கழுவ மறக்க வேண்டாம்.

கீற்று:
எனக்கும் இதே அரிப்புதான். கடையில் ஒரு ஸ்டீராய்டு லோஷன் கொடுத்தார்கள். மினாக்சிடில் போட்டு அரை மணி கழித்து அதைப் போட்டால் அரிப்பு நின்றுவிடுகிறது. அப்படியே தொடரலாமா? இரண்டும் சேர்ந்தே போகட்டுமே என்று பார்க்கிறேன்.

மருந்தாளுநர்:
வேண்டாம் கீற்று. தீ அணையாமல் புகையை மட்டும் மூடுகிறீர்கள். மருத்துவர் சொல்லி, சில நாளுக்கு, ஆறுவதற்காகப் போடுவது சரி. தினமும் துணைக்குத் துணையாக மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து இரத்தக் குழாய் தெரியும், முடிவேர்ப் பருக்கள் வரும், நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் திரும்பும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பல ஸ்டீராய்டு லோஷன், கிரீம்களிலேயே புரோப்பிலீன் கிளைக்கால் இருக்கிறது. அதற்கு ஒவ்வாமை உள்ளவர் அதையே மருந்தாகத் தடவினால் என்ன ஆகும்? ஸ்டீராய்டு ஒருபக்கம் அமுக்கும், கரைப்பான் இன்னொரு பக்கம் கிளறும். “எந்தக் களிம்பு போட்டாலும் ஆறவில்லை” என்று வருகிறவர்களின் டியூபைத் திருப்பி, சேர்க்கைப் பொருள்களைப் படித்துப் பார்த்தால் சில சமயம் விடை அங்கேயே இருக்கும். பூஞ்சைத் தொற்றுக்கான கிரீம்கள் சிலவற்றிலும் உண்டு. உங்கள் லோஷனை எடுத்து ஒருமுறை படியுங்கள்.

கீற்று:
படித்தேன். இருக்கிறது. மூன்றாவது பெயராகவே இருக்கிறது.

மருந்தாளுநர்:
இரண்டையும் நிறுத்திவிட்டு, இரண்டு டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரைப் பாருங்கள். ஒவ்வாமைதான் என்று இதை வைத்து நான் சொல்ல மாட்டேன், ஆனால் அவர் டப்பாவைப் பார்க்க வேண்டும்.

இரவுக்குருவி:
நான் வேறு ரகம். இணையத்தில் வாங்கிய கலவை: மினாக்சிடில், ஃபினாஸ்டிரைடு (முடி உதிர்வுக்கான இன்னொரு மருந்து), டிரெட்டினாயின் (பருவுக்குப் போடும் தோல் மருந்து) மூன்றும் ஒரே பாட்டிலில். இதோடு வாரம் ஒருமுறை ஊசி உருளையும் உருட்டுகிறேன், அன்றைக்கே மருந்தும் போடுகிறேன், துளை வழியாக நன்றாக இறங்கும் என்று. தலை தக்காளி நிறத்தில் இருக்கிறது. எதை விடுவது?

தோல்விஷயம்:
முதலில் எல்லாவற்றையும் நிறுத்துங்கள், நிறம் மாறட்டும். நீங்கள் எழுதியதைப் படிக்கும்போதே என் தலை எரிகிறது.

டிரெட்டினாயின் தோலின் மேல் அடுக்கை மெலிதாக்கி மினாக்சிடிலை அதிகம் உள்ளே விடும். கூடவே அதுவே எரிச்சல் தரும் மருந்து. ஊசி உருட்டிய அன்றே ஊற்றுவது அதைவிட மோசம். குறைந்தது ஒரு நாள் இடைவெளி விட வேண்டும். சாதாரணமாகத் தலையில் போடும் மினாக்சிடிலில் சராசரியாக 1.4 சதவீதம்தான் இரத்தத்துக்குப் போகிறது. அந்தக் கணக்கு காயமில்லாத தோலுக்கு. துளையிட்ட தோலுக்கும் சொறிந்து புண்ணாக்கிய தோலுக்கும் அது பொருந்தாது. இந்த மருந்து முதலில் வந்ததே இரத்த அழுத்த மாத்திரையாகத்தான், அமெரிக்காவில் 1979-ல் அனுமதி. தலையில் போடுவது 1988-ல்தான் வந்தது. படபடப்பு, தலைச்சுற்றல், கால் வீக்கம், நெஞ்சுவலி எது வந்தாலும் அன்றைக்கே நிறுத்தி மருத்துவரிடம் போங்கள்.

தலையில் போடும் ஃபினாஸ்டிரைடு தலையோடு நின்றுவிடும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்கிறது. 2025 ஏப்ரலில் அமெரிக்க மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ., கலந்து தயாரிக்கும் ஃபினாஸ்டிரைடு திரவங்களைப் பற்றித் தனியாக எச்சரிக்கை விட்டது. தோல் எரிச்சல், சிவப்பு, வறட்சி முதல் மனச்சோர்வு, பாலுணர்வுக் குறைவு வரை புகார்களாக வந்திருந்தன. வீட்டில் கருவுற்றவர்கள் இருந்தால் அவர்கள் தோலில் இது படவே கூடாது.

மூன்று மருந்து ஒரே பாட்டிலில் இருந்தால் எது கடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்குக் கலவைகள் பிடிக்காததற்கு இதுதான் காரணம், சௌகரியம் எல்லாம் அப்புறம். ஆறியபின் ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு, மருத்துவர் சொல்படி ஆரம்பியுங்கள்.

முன்நெற்றி:
இவ்வளவு படித்தபின் ஒரு சந்தேகம். ஒரு வாரமோ இரண்டு வாரமோ நிறுத்தினால் முளைத்த பூனைமுடி போய்விடுமா? அதற்குப் பயந்துதான் எரிச்சலோடு போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மருந்தாளுநர்:
போகாது. நிறுத்தினால் வந்த முடி உதிரும் என்பது உண்மை, ஆனால் அதற்கு மாதங்கள் ஆகும். ஓரிரு வார இடைவெளியில் தெரிகிற மாதிரி எதுவும் நடக்காது. சிவந்து வலிக்கிற தலையில் போடாதே என்று மருந்தின் தாளிலேயே எழுதியிருக்கிறது.

நிறுத்தியிருக்கும்போது மென்மையான ஷாம்பு, வெதுவெதுப்பான நீர், நகத்தால் சொறியாமல் இருப்பது, இது போதும். பொடுகு ஷாம்புவையும் விட்டுவிடுங்கள். முழுக்க ஆறியபின் புரோப்பிலீன் கிளைக்கால் இல்லாததை ஒரு வேளையோடு ஆரம்பித்துப் பாருங்கள். பலத்தைக் குறைத்து 2 சதவீதத்துக்குப் போவது இன்னொரு வழி. ஆண்களிடம் 48 வாரம் நடந்த ஒரு ஆய்வில் 2 சதவீதத்தைவிட 5 சதவீதத்தில் முளைப்பு 45 சதவீதம் கூடுதல், ஆனால் அரிப்பும் எரிச்சலும் கூடுதல். தாங்கிக்கொள்கிற பலத்தைத் தொடர்ந்து போடுகிறவர், தாங்காததை இரண்டு மாதத்தில் தூக்கிப் போடுகிறவரைவிட நன்றாகத்தான் இருப்பார் என்பது என் கருத்து.

ஆறியபின் போட்டுத் திரும்பவும் முதல் ஓரிரு நாளிலேயே அரித்தால் மேற்கொண்டு சோதனை செய்யாமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

சீப்புக்கு_வேலையில்லை:
இதெல்லாம் தொல்லை என்று மாத்திரைக்கே மாறிவிடலாமா? இப்போது நிறையப் பேர் குறைந்த அளவு மினாக்சிடில் மாத்திரை பற்றிப் பேசுகிறார்கள். தலையில் ஒன்றும் போட வேண்டாமே.

தோல்விஷயம்:
தலை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தோல் மருத்துவர்கள் எழுதுகிறார்கள், உண்மைதான். ஆனால் முடிக்கென்று அனுமதி பெற்ற மாத்திரை அல்ல அது, மருத்துவர் தன் பொறுப்பில் எழுதுவது. பிரேசிலில் ஆண்களிடம் 24 வாரம் 5 மில்லிகிராம் மாத்திரையையும் 5 சதவீதத் திரவத்தையும் ஒப்பிட்டு 2024-ல் வெளியிட்டார்கள், மாத்திரை மேலானது என்று வரவில்லை. தலை அரிப்பு இருக்காது, சரி. ஆனால் உடம்பெல்லாம் முடி கூடும், சிலருக்குக் கால் வீங்கும், இதயத் துடிப்பு கூடும். இதயம், சிறுநீரகம் சார்ந்த தொந்தரவு உள்ளவர்கள் சொந்தமாக நினைக்கவே கூடாது. நுரையைக்கூடப் பார்க்காமல் நேரே மாத்திரைக்குத் தாவுவது அவசரம்.

மினாக்சிடிலுக்கே ஒவ்வாமை என்று உறுதியானவர் மாத்திரையை நினைக்கவே வேண்டாம். தோலுக்கு ஆகாத மருந்தை வயிற்றுக்குள் அனுப்பிப் பார்ப்பது விளையாட்டல்ல.

அரைமொட்டை:
இயற்கை வழியில் போகலாமே. ரோஸ்மேரி எண்ணெய் போட்டால் எரிச்சலே வராது என்கிறார்கள்.

வகிடு:
யார் சொன்னது? 2 சதவீத மினாக்சிடிலோடு ஒப்பிட்ட 2015 ஆய்விலேயே ரோஸ்மேரி குழுவிலும் அரிப்பு வந்திருக்கிறது, மினாக்சிடில் குழுவைவிடக் குறைவு, அவ்வளவுதான். வாசனை எண்ணெய்கள் எல்லாமே ஒவ்வாமை தரக்கூடியவை. நீர்க்காமல் நேரே தலையில் தேய்ப்பவர்கள் கதை இன்னும் மோசம். இயற்கை என்று எழுதியிருந்தால் தோலுக்குப் படிக்கத் தெரியாது, அரைமொட்டை.

அரைமொட்டை:
ஹாஹா, ஒப்புக்கொள்கிறேன். தோலுக்குப் படிப்பறிவு இல்லை.

கீற்று:
மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கிவிட்டேன். கடைசியாக ஒன்று, வீட்டில் பூனை இருக்கிறது. என் தலையணையில்தான் படுக்கும். மினாக்சிடில் அதற்கு ஏதாவது செய்யுமா?

மருந்தாளுநர்:
நல்லவேளை கேட்டீர்கள். பூனைக்கு மினாக்சிடில் கடும் விஷம். மிகக் கொஞ்சம் நக்கினாலே நுரையீரலில் நீர் கோத்து இறந்த பூனைகள் உண்டு. போட்டதும் கையைக் கழுவுங்கள், தலை முழுக்கக் காயும்வரை பூனையைப் பக்கத்தில் விடாதீர்கள், உங்கள் தலையை நக்க விடவே கூடாது. தலையணை உறையை மாற்றிவிட்டு, அந்தத் தலையணையைப் பூனைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சிந்தியதைத் துடைத்த துணியையும் மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள். மூச்சு வாங்கினாலோ சோர்ந்து படுத்தாலோ காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள், எந்த மருந்து என்று பெயரையும் சொல்லுங்கள்.